‘அப்கிரேடு’ என்று தலையில் கட்டிய போஸ்ட்பெய்டு: மறுப்பது எப்படி, முறையிடுவது எங்கே

“உங்க நம்பர் அப்கிரேடுக்கு செலக்ட் ஆகியிருக்கு சார். இப்போ கட்டுற அதே காசுதான், டேட்டா மட்டும் கூட வரும். மெசேஜ்ல ஒரு நம்பர் வந்திருக்கும், அதை மட்டும் சொல்லுங்க.”

மேலப்பாளையத்தில் பீடி சுற்றிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கும் வள்ளியூரில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கும் ஏறக்குறைய இதே வாசகத்தோடுதான் அழைப்பு வருகிறது. அந்த ஓ.டி.பி.யைச் சொன்ன கொஞ்ச நேரத்தில் ப்ரீபெய்டு இணைப்பு போஸ்ட்பெய்டாக மாறிவிடும். காசு போட்டால்தான் ஓடும் என்றிருந்த சிம் இனிமேல் பேசினாலும் பேசாவிட்டாலும் மாதாமாதம் பில் போடும். கட்டத் தவறினால் அது உங்கள் பெயரில் நிலுவை. அழைத்தவர் வாயிலிருந்து ‘போஸ்ட்பெய்டு’ என்ற சொல் ஒருமுறைகூட வந்திருக்காது.

‘அப்கிரேடு’ என்ற பெயரில் நம் பக்கம் விற்கப்படுவது ஒரே சரக்கு அல்ல. முதலாவது, மேலே சொன்ன ப்ரீபெய்டு–போஸ்ட்பெய்டு மாற்றம். இரண்டாவது, செல்போன் கடையில் ‘பழைய போனைக் கொடுத்துட்டுப் புதுசு எடுத்துட்டுப் போங்க’ என்று போடப்படும் இ.எம்.ஐ. கடன். மூன்றாவது, காலர் டியூன், விளையாட்டு, ஜோதிடம் போன்ற கட்டணச் சேவைகள். முதலாவதும் மூன்றாவதும் தொலைத்தொடர்பு விதிகளுக்குள் வருகின்றன. இரண்டாவது ரிசர்வ் வங்கி விதிகளுக்குள். எது நடந்தது என்று தெரியாமல் முறையிட்டால் சிம் கம்பெனி கடைக்காரரைக் கை காட்டும், கடைக்காரர் ஃபைனான்ஸ் கம்பெனியைக் கை காட்டுவார். நாட்கள்தான் ஓடும்.

மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. சண்டை பணத்தைப் பற்றியது அல்ல, சம்மதத்தைப் பற்றியது. ‘பில் அதிகமாக வந்திருக்கிறது’ என்று புகார் கொடுத்தால், பிளானின்படி பில் சரியாகவே இருக்கிறது என்ற பதில் இரண்டே நாளில் வந்துவிடும். அந்தப் பதில் பொய்யும் அல்ல. ‘இந்தப் பிளானுக்கு நான் ஒப்புக்கொள்ளவே இல்லை’ என்று புகார் கொடுத்தால், ஒப்புக்கொண்டதற்கான ஆதாரத்தைக் கம்பெனிதான் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும். முதல் புகாரின் முதல் வரியிலேயே வழக்கின் பாதி முடிவாகிவிடுகிறது.

ஓ.டி.பி. எதற்கு வருகிறது

2021 செப்டம்பர் வரை ப்ரீபெய்டை போஸ்ட்பெய்டாக்க கடைக்குப் போய், புதிய இணைப்பு வாங்குவதுபோல அடையாளச் சரிபார்ப்பு முழுவதையும் மறுபடி செய்ய வேண்டியிருந்தது. அந்த மாதம் தொலைத்தொடர்புத் துறை அதை எளிதாக்கி, ஓ.டி.பி. மூலமே மாற்றலாம் என்று உத்தரவிட்டது. அலைச்சல் மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் இப்போது ஓர் எண்ணைப் படித்துச் சொன்னாலே போதும் என்றாகிவிட்டது. மாதாந்திர இலக்கோடு வேலை பார்க்கும் விற்பனைப் பிரதிநிதிக்கு இதைவிட வசதி வேறில்லை.

அந்த உத்தரவு சொல்லும் வரிசையைத் தெரிந்துகொள்வது நல்லது. மாற்றக் கோரிக்கை முதலில் சந்தாதாரரிடமிருந்து வர வேண்டும்: எஸ்.எம்.எஸ்., தானியங்கிக் குரல் வழி, இணையதளம், ஆப் எதன் வழியாகவும் வரலாம். அதைப் பெற்றுக்கொண்டதைச் சொல்லி கம்பெனி ஓ.டி.பி. அனுப்ப வேண்டும். ஓ.டி.பி. சரிபார்க்கப்பட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும். பிறகு, எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு மாற்றம் நடக்கும் என்று தகவல் வர வேண்டும். தொலைபேசி விற்பனையில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. கோரிக்கையை அழைத்தவரே தன் கணினியில் போட்டுவிட்டு, ஓ.டி.பி.யை மட்டும் உங்களிடம் வாங்குகிறார். ‘கோரிக்கை என்னிடமிருந்து வரவில்லை’ என்ற வரி புகாரில் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

சிம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். நம் ஊர்களில் அம்மா கையில் இருக்கும் போனின் சிம், துபாயிலோ சென்னையிலோ இருக்கும் மகன் பெயரில் இருப்பது சர்வ சாதாரணம். அப்படியானால் ஓ.டி.பி.யைச் சொன்னவர் சந்தாதாரரே அல்ல. இது வலுவான வாதம், விட்டுவிடாதீர்கள். அதே சமயம் புகாரும் மேல்முறையீடும் மகன் பெயரில்தான் போக வேண்டும். அம்மாவே பேசுவதானால் மகனிடமிருந்து ஓர் அங்கீகாரக் கடிதமும் அவருடைய அடையாள அட்டை நகலும் மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளிலேயே எடுத்து வைக்க வேண்டியவை

முதல் வேலை, அந்த ஓ.டி.பி. மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுப்பது. ஆண்ட்ராய்டு போன்களில் கூகுள் மெசேஜஸ் செயலியில், ஓ.டி.பி. மெசேஜ்களை 24 மணி நேரத்தில் தானாகவே அழிக்கும் வசதி ஒன்று இருக்கிறது. அது இயக்கத்தில் இருந்தால் மறுநாள் காலையில் உங்கள் முக்கிய ஆதாரம் போனில் இருக்காது. ஸ்கிரீன்ஷாட்டில் மெசேஜின் வாசகம் முழுவதும், மேலே அனுப்பியவர் பெயர், தேதி, நேரம் எல்லாம் தெரிய வேண்டும். கம்பெனி மெசேஜ்களின் அனுப்புநர் பெயர் இப்போது ஒரு கோடும் ஓர் ஆங்கில எழுத்துமாக முடிகிறது: விளம்பரத்துக்கு ‘பி’, சேவைத் தகவலுக்கு ‘எஸ்’, பரிவர்த்தனைக்கு ‘டி’, அரசு மெசேஜுக்கு ‘ஜி’. அந்த எழுத்தும் படத்தில் விழட்டும்.

வாசகத்தை நிதானமாகப் படியுங்கள். ‘போஸ்ட்பெய்டுக்கு மாற்ற’ என்று அதில் தெளிவாக இருந்தால் கம்பெனியின் பக்கம் கொஞ்சம் பலம் கூடும். அப்போது உங்கள் வாதம், அழைப்பில் சொன்னது வேறு, மெசேஜில் வந்தது வேறு என்பது. ஆங்கிலத்தில் வந்த மெசேஜைத் தமிழ் மட்டும் தெரிந்தவரிடம் படிக்கவிடாமல் எண்ணை மட்டும் கேட்டு வாங்கினார்கள் என்றால் அதையும் எழுதுங்கள். மெசேஜில் வெறும் ஓ.டி.பி. மட்டுமே இருந்து, எதற்கு என்று இல்லையென்றால் உங்கள் கை ஓங்கிவிட்டது.

அடுத்து அழைப்புப் பட்டியலின் படம்: எந்த எண், எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்பது தெரிய வேண்டும். விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்துதான் வர வேண்டும். சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து வந்திருந்தால் அதுவே தனி விதிமீறல். தொல்லை அழைப்புகளுக்கான 1909 எண்ணில் தனிப் புகாராகப் போடலாம். முன்பு இதற்கு 3 நாள் அவகாசம்தான் இருந்தது. 2025 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு 7 நாள். இந்தப் புகாரால் பில் ரத்தாகாது. ஆனாலும் அழைப்பு வந்ததற்குத் தனியாக ஒரு பதிவு விழுந்துவிடும்.

மூன்றாவதாக, பழைய ரீசார்ஜ் ரசீது. மாற்றம் நடந்தால் ப்ரீபெய்டு பேக்கில் மிச்சமிருந்த நாட்கள் பொதுவாகப் போய்விடும். இழப்பைக் கணக்குப் போட அந்த ரசீதுதான் அடிப்படை.

பில்லில் ஏன் அந்தத் தொகை வருகிறது

கணக்கை ஒரு உதாரணத்தில் பார்ப்போம். ஒருவர் 84 நாளுக்கு 859 ரூபாய் பேக் போட்டிருக்கிறார். நாளுக்கு சுமார் 10 ரூபாய் 23 காசு, 30 நாளுக்கு 307 ரூபாய். ப்ரீபெய்டில் விலைக்குள்ளேயே ஜி.எஸ்.டி. அடக்கம். போஸ்ட்பெய்டில் சொல்லப்படும் ‘449 ரூபாய்’ என்பது வரிக்கு முந்தைய வாடகை. 18 சதவீத ஜி.எஸ்.டி. 80 ரூபாய் 82 காசு சேர்ந்தால் 529 ரூபாய் 82 காசு. ‘அதே காசு’ என்று சொன்னது மாதம் 220 ரூபாய்க்கு மேல் கூடிவிட்டது. மாற்றிய அன்று பழைய பேக்கில் 50 நாள் பாக்கி இருந்ததென்றால் அங்கே ஒரு 511 ரூபாய் இழப்பு.

முதல் பில் இன்னும் குழப்பும். மாதத்தின் நடுவில் மாறியிருந்தால் உடைந்த நாட்களுக்கு மட்டும் சிறு தொகை வரும். ‘பரவாயில்லையே, கம்மிதானே’ என்று கட்டிவிட்டு, இரண்டாவது பில்லில் முழுத் தொகையைப் பார்க்கும்போதுதான் பலருக்கும் விஷயம் உறைக்கிறது. அதற்குள் ஒரு பில்லைக் கட்டியிருப்பதையே ‘ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம்’ என்று கம்பெனி சொல்லும். ஆகவே முதல் பில் 50 ரூபாயாக இருந்தாலும், அது வந்த அன்றே மறுப்பை எழுத்தில் பதிவு செய்துவிடுங்கள்.

திரும்ப ப்ரீபெய்டுக்கு

‘90 நாளைக்கு மாத்த முடியாது, சிஸ்டமே எடுக்காது’ என்பது வாடிக்கையாளர் மையத்தில் கிடைக்கும் வழக்கமான பதில். அது பழைய நிலவரம். 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை அதைத் தளர்த்தியது. முதல்முறை மாறியவர் 30 நாள் கழிந்ததும் ஓ.டி.பி. மூலமே திரும்ப மாறிக்கொள்ளலாம். அதற்கு மேல் மறுபடி மறுபடி மாற்றுவதற்குத்தான் 90 நாள் இடைவெளி. அந்த 30 நாளுக்கு முன்பே மாற வேண்டுமானால், கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் அடையாளச் சரிபார்ப்பை முழுமையாகச் செய்து மாறலாம். போனில் முடியாது என்பார்கள், நேரில் முடியும்.

எனவே வண்ணார்பேட்டை, ஜங்ஷன், அம்பாசமுத்திரம், தென்காசி என்று எது பக்கமோ அங்கே கம்பெனியின் சொந்த ஷோரூமுக்குச் செல்லுங்கள். ரீசார்ஜ் போடும் பெட்டிக்கடையாலும் பஸ் ஸ்டாண்டு அருகே குடை விரித்து சிம் விற்பவராலும் இதைச் செய்ய முடியாது. ஆதாரும், சிம் யார் பெயரிலோ அவரும் வேண்டும். அங்கே இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள்: ஒன்று, இன்றே ப்ரீபெய்டுக்குத் திருப்ப வேண்டும், மற்றொன்று, நடந்த மாற்றம் சம்மதமில்லாமல் நடந்தது என்பதால் அதற்கான பில்லை ரத்து செய்ய வேண்டும். முதலாவதைச் செய்துகொடுத்து இரண்டாவதை மழுப்பிவிடுவார்கள். திருப்பி மாறும் படிவத்தில் ‘நிலுவையை ஏற்கிறேன்’ என்ற பெட்டியில் டிக் போடச் சொன்னால், ‘மறுப்புடன், புகார் எண் இன்னது’ என்று பக்கத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். டேப்லெட்டில் எழுத இடமில்லையென்றால், வெளியே வந்ததும் அதையே கம்பெனிக்கு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள்.

புகார் எண் இல்லாத புகார் புகாரே அல்ல

2012-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த தொலைத்தொடர்பு நுகர்வோர் புகார் தீர்வு ஒழுங்குமுறையின்படி ஒவ்வொரு கம்பெனியும் கட்டணமில்லாப் புகார் மையம் வைத்திருக்க வேண்டும். அந்தக் கம்பெனி சிம்மிலிருந்தே 198-ஐ அழைத்தால் போதும். புகாரைப் பதிவு செய்ததும் டாக்கெட் எண் எனப்படும் புகார் எண்ணை எஸ்.எம்.எஸ்.ஸில் தர வேண்டும். ‘நோட் பண்ணிட்டோம் மேடம், 48 மணி நேரத்துல சரியாயிடும்’ என்று சொல்லி எண் கொடுக்காமல் வைத்துவிட்டால் அது பதிவே ஆகவில்லை என்று பொருள். எண்ணைக் கேட்டு வாங்கும்வரை அழைப்பைத் துண்டிக்காதீர்கள். பேசிய பிறகு அதே விஷயத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். வாசகம் இந்த அளவில் இருந்தால் போதும்:

“என் பெயரில் உள்ள இந்த எண் இன்ன தேதி வரை ப்ரீபெய்டு. அன்று இத்தனை மணிக்கு இந்த எண்ணிலிருந்து வந்த அழைப்பில், அதே கட்டணத்தில் கூடுதல் டேட்டா என்று மட்டுமே சொல்லப்பட்டது. போஸ்ட்பெய்டு என்பதோ, மாத வாடகையோ, வரியோ சொல்லப்படவில்லை. மாற்றக் கோரிக்கை என்னிடமிருந்து வரவில்லை. நான் சம்மதிக்காத இந்த மாற்றத்தை ரத்து செய்து, இணைப்பை ப்ரீபெய்டுக்குத் திருப்பி, மிச்சமிருந்த 50 நாள் பேக்கை மீட்டுத் தர வேண்டும். அல்லது அதன் மதிப்பைத் தர வேண்டும். அந்த அழைப்பின் ஒலிப்பதிவையும் கோரிக்கை பதிவான விவரத்தையும் அழிக்காமல் வைத்து, எனக்கு நகல் தர வேண்டும்.”

கடைசி வரியில்தான் பிடி இருக்கிறது. விற்பனை அழைப்பு பதிவாகியிருந்து அதில் எல்லாம் முறையாகச் சொல்லியிருந்தால் கம்பெனி அதைப் போட்டுக் காட்டும். காட்டவில்லையென்றால், மேல்முறையீட்டிலும் நுகர்வோர் ஆணையத்திலும் ‘எழுத்தில் கேட்டேன், தரவில்லை’ என்று சொல்ல உங்கள் கையில் தேதியோடு ஆதாரம் இருக்கும்.

பில்லைக் கட்டுவதா, நிறுத்துவதா

இதில் உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்கக் கூடாது. ‘நான் கேட்காத பில்லை நான் ஏன் கட்ட வேண்டும்’ என்பது நியாயமான கேள்வி. ஆனால் கெடு தேதி தாண்டினால் முதலில் வெளி அழைப்பு நிற்கும், தாமதக் கட்டணம் ஏறும், பிறகு இணைப்பே துண்டிக்கப்படும். வங்கிக் கணக்கு, ஆதார், கேஸ் புக்கிங், ரேஷன் கார்டு எல்லாம் அந்த எண்ணோடு கட்டப்பட்டிருக்கின்றன. நம்பர் போனால் வரும் அலைச்சல் பில்லைவிடப் பெரிது. நிலுவை கடன் தகவல் நிறுவனங்களின் அறிக்கையிலும் ஏறலாம். நாளை நகைக்கடனோ வீட்டுக்கடனோ கேட்கும்போது அது எதிரே நிற்கும்.

தொகை சில நூறு ரூபாய்தான் என்றால், கெடு தேதிக்கு முன் கட்டிவிட்டு, ‘புகார் எண் இன்னதில் உள்ள மறுப்புக்கு உட்பட்டு, நம்பரைக் காப்பாற்ற மட்டுமே கட்டுகிறேன், திரும்பப் பெறும் உரிமையை விடவில்லை’ என்று அன்றே மின்னஞ்சல் அனுப்புவதுதான் எங்கள் பரிந்துரை. பணத்தைப் பிறகும் கேட்டு வாங்கலாம். போன நம்பரைத் திரும்ப வாங்குவது கடினம். தொகை ஆயிரக்கணக்கில் போயிருந்தால் மட்டும், கெடுவுக்கு முன்பே புகார் எண் வாங்கி, அது முடியும்வரை துண்டிக்கக் கூடாது என்று எழுத்தில் கேளுங்கள்.

தானாகப் பிடித்தம் செய்யும் ஆட்டோபே எங்காவது போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். யு.பி.ஐ. செயலியில் ஆட்டோபே அல்லது மேண்டேட் பகுதிக்குள் போனால் பட்டியல் தெரியும். அங்கேயே ரத்து செய்யலாம். கார்டு என்றால் வங்கி தளத்தில் செய்யலாம்.

வேறு கம்பெனிக்குப் போய்விட்டால்?

‘போர்ட்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு எண்ணைப் போட்டு 1900-க்கு அனுப்பினால் போர்ட்டிங் கோடு வரும். தமிழ்நாட்டில் அந்தக் கோடு 4 நாள் செல்லுபடியாகும். இணைப்பு எடுத்தோ கடைசியாகப் போர்ட் செய்தோ 90 நாள் ஆகியிருக்க வேண்டும். கெடு தேதி கடந்த பில் நிலுவை இருக்கக் கூடாது. அண்மையில் சிம் கார்டு மாற்றியிருந்தால் 7 நாள் பொறுக்க வேண்டும்.

கோபத்தில் பலரும் எடுக்கும் முதல் அடி இதுதான், அதுவே பல சமயம் சிக்கலாகவும் முடிகிறது. போர்ட் ஆன பிறகும் பழைய கம்பெனியின் கடைசி பில் வரும். அதைக் கட்டாவிட்டால் பழைய கம்பெனி தெரிவிக்க, புதிய கம்பெனி உங்கள் எண்ணைத் துண்டிக்க விதியில் இடம் இருக்கிறது. ஆகவே முதலில் புகார் எண், பிறகு பில்லுக்கு ஒரு வழி, அதற்குப் பிறகு போர்ட். இந்த வரிசை மாறக் கூடாது.

‘குடும்பத்துக்கு இலவசக் கூடுதல் சிம்’ என்று வீட்டுக்கு யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். கைரேகையோ போட்டோவோ கொடுக்காதீர்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் ‘என் எண் அல்ல’ என்றும், வேண்டாதது இருந்தால் ‘தேவையில்லை’ என்றும் அங்கேயே குறிக்கலாம். சிம் விற்கும் இடங்கள் 2023 டிசம்பர் 1 முதல் பதிவு பெற்றவையாக இருக்க வேண்டும் என்பதால், எந்தக் கடை வழியாக அந்த இணைப்பு போனது என்று கம்பெனியால் சொல்ல முடியும். கேளுங்கள்.

மேல்முறையீடு

198 புகாருக்கு உரிய பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் அதே கம்பெனிக்குள் மேல்முறையீட்டு அதிகாரி இருக்கிறார். புகாரைத் தீர்க்க வேண்டிய காலக்கெடு முடிந்து 30 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். கட்டணம் இல்லை. மின்னஞ்சல், தபால், நேர் எதுவும் சரி. அந்த மனு இரண்டு பேர் கொண்ட ஆலோசனைக் குழுவுக்குப் போகும். ஒருவர் கம்பெனி ஆள், மற்றவர் நுகர்வோர் அமைப்பைச் சேர்ந்தவர். 39 நாளுக்குள் முடிவு வர வேண்டும். இந்த இரண்டாவது படியை மக்கள் பயன்படுத்துவதே குறைவு. 198-ல் பேசுபவருக்குத் திரையில் இருப்பதைத் தாண்டி அதிகாரம் கிடையாது. இங்கே மனுவைப் படிப்பவருக்கு உண்டு, அதுவும் வெளியாள் ஒருவரின் கண் முன்னால். சம்மதத்துக்கான ஆதாரம் இல்லாத சின்னத் தொகையென்றால் இங்கேயே முடிந்துபோக நல்ல வாய்ப்பு இருக்கிறது.

டிராய்க்கே நேராக எழுதுபவர்களும் இருக்கிறார்கள். தனிநபர் புகாரை டிராய் விசாரிப்பதில்லை. கம்பெனிக்கு அனுப்பி வைப்பதோடு சரி. அதைவிட, தொலைத்தொடர்புத் துறையின் பொதுக் குறைதீர்ப்புப் பிரிவு பயன் தரும்: 1063 என்ற எண், அல்லது மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்பு இணையதளம். அங்கே மனுவோடு புகார் எண்ணும் மேல்முறையீட்டு எண்ணும் கேட்பார்கள். முதல் இரண்டு படிகளைத் தாண்டாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கட்டணச் சேவைகள் விஷயம் இதைவிட எளிது. 2013 ஜூலை டிராய் உத்தரவின்படி, காலர் டியூன் போன்ற சேவையைத் தொடங்க இரண்டு முறை சம்மதம் வாங்க வேண்டும். 155223-க்கு ‘ஸ்டாப்’ என்று ஆங்கிலத்தில் அனுப்பி நிறுத்திவிட்டு, அன்றே 198-ல் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். நாள் கடந்தால் ‘பயன்படுத்தியிருக்கிறீர்கள்’ என்பார்கள். ப்ரீபெய்டில் எந்த நாள் எவ்வளவு பிடித்தார்கள் என்ற விவரப் பட்டியலை, கடந்த 6 மாதம் வரைக்கும், 50 ரூபாய்க்கு மிகாத கட்டணத்தில் கேட்டு வாங்கும் உரிமையும் உண்டு.

கம்பெனியின் ஆப்பில் ரீசார்ஜ் செய்யப் போகும்போது பெரிய எழுத்தில் ‘அப்கிரேடு’ என்றும், மூலையில் மங்கலாக ‘வேண்டாம்’ என்றும் வைத்து மாற வைத்தால் அது வேறு வகை. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படி ஏமாற்றும் திரை வடிவமைப்புகளில் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. அந்தத் திரையின் படத்தைப் புகாரோடு இணையுங்கள்.

கடையில் போட்ட இ.எம்.ஐ.

இங்கே கடைக்காரர், ஃபைனான்ஸ் கம்பெனி, போன் கம்பெனி என்று மூன்று தரப்பு. கவுண்டரில் ஆதார், பான், பாஸ்புக், ஒரு போட்டோ, வரிசையாக இரண்டு மூன்று ஓ.டி.பி. ஒன்று கடன் வரலாற்றைப் பார்க்க. ஒன்று கடன் ஒப்பந்தத்தில் மின்கையெழுத்துக்கு. இன்னொன்று வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் பிடிப்பதற்கான அனுமதிக்கு. ‘செக் பண்ணத்தான்’ என்று மூன்றையும் வாங்கிவிடுவார்கள். வட்டியில்லா தவணை என்று சொல்லப்பட்டதில் செயல்முறைக் கட்டணமும், கேட்காத நீட்டித்த வாரண்டியும், ஏதோ ஒரு மெம்பர்ஷிப் கார்டும் உள்ளே இருக்கும்.

கேட்க வேண்டிய காகிதம் ஒன்றுதான்: முக்கிய விவர அறிக்கை. 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன் எதற்கும் ஒப்பந்தத்துக்கு முன்பே இதைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் இருக்க வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதமின்றி வசூலிக்க முடியாது. ‘அண்ணாச்சி, பில் இருக்கட்டும், அந்தக் கடன் விவர அறிக்கையை வாட்ஸ்அப்ல அனுப்புங்க’ என்று கேட்டாலே பேச்சு மாறும்.

டிஜிட்டல் வழியில் தரப்படும் கடனுக்கு, வேண்டாம் என்று திரும்பிவிட குறைந்தது ஒரு நாள் அவகாசம் தர வேண்டும். எத்தனை நாள் என்பது அறிக்கையிலேயே இருக்கும். அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான செலவையும் கொடுத்தால் அபராதமின்றி வெளியேறலாம். அதனால் சந்தேகம் வந்தால் பெட்டியின் சீலை உடைக்காதீர்கள். போனை ஆன் செய்துவிட்டால் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார்; கடன் மட்டும் உங்களிடம் நிற்கும்.

கடைக்காரர் போனை எடுத்துக்கொண்டால் பாதி வேலைதான் முடிந்தது. அவர் ஃபைனான்ஸ் கம்பெனிக்குச் சொல்லிக் கடனை ‘ரத்து’ செய்ய வேண்டும். ‘முன்கூட்டியே முடித்த கடன்’ என்று பதிவானால் கடன் வாங்கியதாகவே வரலாற்றில் நிற்கும். ரத்துக் கடிதம் கைக்கு வந்து, மாதாமாதம் பிடிப்பதற்கான அனுமதியும் வங்கியில் நீங்கியதைப் பார்த்த பிறகே விஷயத்தை விடுங்கள். வங்கிக் கணக்கில் பணம் இல்லாமல் வைத்துத் தவணையைத் தவிர்ப்பது தவறான வழி. இரண்டு பக்கமும் பவுன்ஸ் கட்டணம் ஏறும். ஃபைனான்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் கழிந்தும் சரியாகவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர். கட்டணம் கிடையாது, 14448-ல் விவரம் கேட்கலாம். கடன் வரலாற்றில் தப்பாக ஏறியதைத் திருத்தக் கேட்டு 30 நாளுக்கு மேல் இழுத்தடித்தால், நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2024 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது.

ஆணையத்துக்குப் போவது

‘டெலிபோன் வழக்கு நுகர்வோர் கோர்ட்டில் எடுபடாது’ என்று வக்கீல்கள் சிலரே இன்னும் சொல்வார்கள். 2009-ல் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பை வைத்து அப்படி ஒரு காலம் இருந்தது. 2022 பிப்ரவரி 16 அன்று, வோடஃபோன் ஐடியா வழக்கில், நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று அதே நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும் சரி. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம்.

அதற்கு முன் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பார்க்கலாம். அது கட்டாயப்படுத்தும் அமைப்பு அல்ல. ஆனாலும் வழக்கு வரும் என்று தெரிந்து கம்பெனியின் சட்டப் பிரிவு எழுந்திருப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

இன்னொரு வழி, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக நிரந்தர மக்கள் நீதிமன்றம். தொலைபேசிச் சேவை சட்டத்திலேயே பொதுப் பயன்பாட்டுச் சேவை என்று குறிக்கப்பட்டிருக்கிறது. சமரசம் முறிந்தால் அந்த மன்றமே தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் உண்டு. ஆனால் அங்கே மனுப் போட்ட பிறகு அதே விஷயத்தை வேறு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது என்பதால், முதலிலேயே யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பணம் சின்னது, நம்பர் திரும்பக் கிடைத்தால் போதும் என்றால் மக்கள் நீதிமன்றம். கடன் வரலாறு கெட்டு, இழப்பீடும் கேட்க வேண்டும் என்றால் நுகர்வோர் ஆணையம்.

மனுவில் கோரிக்கையைப் பிரித்து எழுதுங்கள்: கட்டிய பில் தொகை, போன ப்ரீபெய்டு நாட்களின் மதிப்பு, நிலுவைப் பதிவை நீக்குவது, அலைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு. 300 ரூபாய் பில்லுக்கு 10 லட்சம் இழப்பீடு என்று எழுதினால் மனுவின் மதிப்புத்தான் குறையும். இணைப்பாக ஓ.டி.பி. மெசேஜின் படம், அழைப்புப் பட்டியல், ரீசார்ஜ் ரசீது, பில்கள், புகார் எண் வந்த எஸ்.எம்.எஸ்., மேல்முறையீட்டு முடிவு, ஒலிப்பதிவு கேட்ட மின்னஞ்சல் ஆகியவற்றைத் தேதி வரிசையில் எண் போட்டு வையுங்கள். போனில் இருந்த மெசேஜ்களை ஆதாரமாகக் காட்ட, அவை எந்தப் போனிலிருந்து எடுக்கப்பட்டன என்று சொல்லும் மின்னணு ஆவணச் சான்றிதழும் வேண்டும். வழக்கு முடியும்வரை அந்தப் போனை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது.